மொழி என்ற கட்டத்தில்

ஸ்டான்லி ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு, படுக்கை பதினேழு.
கப்பல் ஏணியில் தவறி விழுந்தவர்,
தொடை எலும்பு இரண்டு துண்டு.
பெயர் அதாவ் கிசாங்கா. ஊர் லுவாண்டா.
மொழி என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக் காத்திருந்தேன்.
"கிம்புண்டு" என்றார்.

பதினோரு வருஷமாக நான் பதிவறையில்.
தெலுங்கு, உருது, மார்வாடி,
பர்மாவிலிருந்து வந்தவர்கள் கூச்சத்தோடு சொன்ன பாதி பர்மியம்,
எல்லாவற்றுக்கும் அலமாரியில் தட்டு உண்டு.
இது எங்கே போகும், ககரத்திலா?

கேட்டதுதான் தப்பு.
மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார்,
எடை கட்டித் தொங்கிய கால் விடவில்லை.
கப்பல் இங்கிலீஷில், விரல்களில்,
மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் காட்டினார்:
ஒருத்தன் என்றால் முன்னால் மு,
மும்புண்டு.
பலபேர் என்றால் அ, அம்புண்டு.
வாயிலிருந்து வருவதென்றால் கி.
உடம்பு ஒன்று, தொப்பி மூன்று.
தெற்கே வேறு சனம், அவர்கள் பேச்சு உம்புண்டு,
தொப்பியை மாற்றி மாட்டி
என்னை அங்கே அனுப்பிவிடாதே என்று விரலை ஆட்டினார்.

அப்படியானால் தொப்பியைக் கழற்றிவிட்டு
உடம்பை வைத்து அடுக்கலாமே என்றேன்.
புத்தகம் எழுதுகிறவர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று
வெறும் உடம்பை உச்சரித்துக் காட்டினார்.

வார்டு ஒரு நொடி நின்றது.
படுக்கை பதினாறு, கொருக்குப்பேட்டை லோடுமேன் முனிரத்தினம்
மாவுக்கட்டு அதிரச் சிரித்தார்:
"நைனா, அத்த எங்க ஏரியாவுல சொல்லாத,
இன்னொரு காலும் பூடும்."
நர்ஸ் ஜெபசீலி தலையைக் குனிந்து
சொட்டுமருந்தை எண்ணினாள்.
விளக்க வேண்டியிருக்கவில்லை.
துறைமுகம் துறைமுகமாய்ப் போனவருக்கு
வசவின் முகம் எந்த ஊரிலும் தெரியும்.
முன்னெழுத்து சும்மா ஒட்டிக்கொண்டதில்லை என்று
எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

போனைத் தடவிக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர்
பான்டு குடும்பம் என்று வாசித்தான்,
பான்டு என்றால் மனிதர்கள்.
யார் வீட்டிலோ, என்றார் அதாவ்.
எங்கள் வீட்டில் மனிதர்கள் என்றால் அட்டு.
"அட்டா? கரெக்டுதான்" என்றார் முனிரத்தினம்,
இரண்டு மாதமாக யாரும் பார்க்க வராதவர்.

எங்களுக்கு எல்லாம் பின்னால், என்று நான் சொன்னேன்.
தமிழ், தமிழன், தமிழர்.
தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை,
பஸ் போர்டில் வாலை மட்டும் படித்தால்
வேறு எங்கோ இறங்குவாய்.

இவர் பேசுவது என்ன மொழி என்று பதினாறைக் காட்டினார்.
தமிழ்தான் என்றேன்.
இல்லை, உன்னுடையது மாதிரி இல்லையே.
மெட்ராஸ் பாஷை என்பார்கள்.
யார் என்பார்கள்?
பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள்.
அவர் சிரிக்கவில்லை.
போர்த்துக்கீசியப் பள்ளியில்
அவருடைய அம்மா பேசியதற்கு மொழி என்று பெயர் இல்லையாம்.
வேறு பெயர் இருந்ததாம். சொல்ல மாட்டேன் என்றார்.

கம்ப்யூட்டரில் கட்டம் கீழே விரிந்தது,
பதினான்கு மொழி, கடைசியில் "இதர".
அழுத்தினேன், அது வேறெதையும் வாங்காது.
காகிதக் கோப்பைக் ககரத்தில் வைத்தேன்.
மகரத் தட்டில் ஓர் அட்டை சொருகினேன்:
ககரத்தில் பார்க்க.
உகரத்திலும் ஒன்று:
இங்கே இல்லை.

மூன்றாம் வாரம் கப்பல் ஏஜெண்ட் வந்து கூட்டிப்போனான்.
சக்கர நாற்காலி திரும்பும்போது
என் தொண்டையைச் சுட்டி
"கிதமிழ்" என்றார் அதாவ்.

சாயங்காலம் கல்மண்டபம் நிறுத்தத்தில்
கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே
கிதமிழ், கிதமிழ் என்று சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிக் கேட்டாள்:
"அங்க எந்த நம்பர் வண்டி போவுது?"